சன்னாசிக்கும் ஒரு டிக்கெட்

நான்கு சினிமா டிக்கெட் எடுக்கச் சொன்னார் முத்தாயி. போகிறவர்கள் மூவர்தான்: அவர், மகள் லோகேஸ்வரி, மம்பா ஊரிலிருந்து வந்த தர்மராஜ். நான்காவது, வடக்கு எல்லைக் காட்டுச் சண்டையில் இறந்த கணவர் சன்னாசிக்கு. திதிக்குத் தனி இலை போடுகிறவர், படத்துக்கு இடம் போடாமல் இருப்பாரா?

"அப்பாவுக்கு பாப்கார்ன் வாங்கவாம்மா?"

"சும்மா இருலா. அவருக்குக் கடலைதான் பிடிக்கும்."

சிரம்பான் தியேட்டரில், பூச்சரம் சுற்றி, சட்டம் போட்ட கணவரின் புகைப்படத்தை நடு இருக்கையில் வைத்தார். கனம் பத்தாமல் இருக்கை மடங்கி மடங்கி எழுந்தது. லோகேஸ்வரி தன் கைப்பையைப் படத்தோடு சேர்த்து வைத்தாள்.

சன்னாசியும் தர்மராஜும் ரந்தாவ் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். போன வருஷம் படக்காரர்கள் தர்மராஜ் வீட்டுக்கு வந்து அந்தச் சண்டைக் கதையைக் கேட்டுப் போனார்கள். "அண்ணன் படத்துல வராரு" என்று அன்றிலிருந்து தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார் அவர்.

படம் தொடங்கியது. ஒவ்வொரு சிப்பாய் வரும்போதும் முத்தாயி கேட்டார்.

"தம்பி, இவரா?"

"இன்னும் இல்ல அண்ணி."

பிறகு சமையல்காரன் ஒருவன் வந்தான். உடும்பைப் பார்த்து அலறி, சோற்றுப் பானையைப் போட்டுவிட்டு ஓடினான். "சன்னாசி!" என்று சார்ஜன்ட் கத்த, தியேட்டரே சிரித்தது.

முத்தாயி சிரிக்கவில்லை. அடுத்து, கண்ணிவெடியில் கால் போன சிப்பாயைத் தோளில் போட்டு ஓடையைக் கடந்தான் கதாநாயகன். அவனுக்கு வேறு பெயர். கைதட்டல் எழுந்தது.

"தம்பி, ஒங்கள ஓடையில தூக்கிட்டு வந்தது யாரு?"

"அண்ணன்தான். என்னைய எறக்கி வச்சிட்டு அடுத்தவன தூக்கப் போனாரு. அப்பத்தான் சுட்டுட்டானுங்க."

"அத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"மொதல்ல அதத்தான் சொன்னேன்."

"அந்த உடும்பு?"

"அதுவும் நடந்ததுதான் அண்ணி. ஒரு வாரம் அண்ணனே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. படக்காரங்க காப்பி குடிக்கிறப்ப சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்."

"அவரு சிரிச்சாரு, சரி. இவங்க எதுக்குச் சிரிக்கணும்?"

முத்தாயி படத்தை எடுத்து, முகம் தெரியாமல் மடியில் கவிழ்த்துக்கொண்டார். லோகேஸ்வரி பையை எடுத்தாள். இருக்கை மடங்கிக்கொண்டது.

கடைசியில் ஓடிய நன்றிப் பெயர்களில் தர்மராஜின் பெயரும் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய்க்காலை இழுத்துக்கொண்டு வந்து, இருட்டுப் படியில் முத்தாயியைப் பிடித்து இறக்கக் கை நீட்டினார்.

முத்தாயியின் இரண்டு கைகளும் படத்தைப் பிடித்திருந்தன. அவர் தானாகவே இறங்கினார்.