யஸ்னாவின் ஒற்றைச் சாளரம்

கட்டட அனுமதிப் பிரிவில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள் தெசாங்கா. மொராவா நதிக்கரையின் அந்தச் சிறு நகரத்தில் கோழிக்கூடு கட்டுவதென்றாலும் அவள் முத்திரை வேண்டும். அந்த வசந்தத்தில் நகராட்சியின் கீழ்த்தளத்தில் ஒற்றைச் சாளர அலுவலகம் திறந்தார்கள். தொழில் தொடங்க வருபவர் இனி பதினோரு மேஜை ஏறி இறங்க வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் எல்லா அனுமதியும். அதற்குத் தலைவியாக மேயர் நியமித்தது யஸ்னாவை. தெசாங்காவிடம் வேலை பழகியவள்!

"பல்லைக் காட்டத் தெரிஞ்சவளுக்குக் கண்ணாடி அறை, நமக்கு ஒழுகுற கூரை" என்று பக்கத்து மேஜை பிராங்கோவிடம் பொருமினாள் தெசாங்கா.

"நீயும் அவளை மாதிரி ஜெர்மன் படிச்சிருக்கலாமே, தெசா."

அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஆஸ்திரியாவிலிருந்து மின்கம்பித் தொழிற்சாலைக்காரர்கள் நிலம் பார்க்க வரவிருந்தார்கள். நானூறு பேருக்கு வேலை கிடைக்கும். அந்த நிலத்தின் கோப்பு கையெழுத்துக்கு வந்தபோது தெசாங்காவின் கண் ஒரு மூலையில் நின்றது. சாலையைத் தொடும் துண்டு மட்டும், பழைய பதிவேட்டில் இறந்துபோன ஒரு விவசாயியின் பெயரிலேயே இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுப்பண்ணைக்காகப் பறித்து, பிறகு திருப்பிக் கொடுத்த நிலம். அவளைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்தன்று ஆஸ்திரியர்களின் வழக்கறிஞர் சரியாக அந்த மூலையில் விரலை வைத்தார். மேயரின் முகம் சிவந்தது. யஸ்னாவின் முகம் வெளுத்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்த தெசாங்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"தப்பு என்னுதுதான்" என்றாள் யஸ்னா. "இதைச் சரிபண்ண எங்க தெசாங்கா அக்காவாலதான் முடியும்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. "மூணு நாள் போதும்" என்று அவளையறியாமல் வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் இருவரும் யஸ்னாவின் காரில் போனார்கள். இறந்தவரின் மகள் மிலுங்கா ராஸ்பெரித் தோட்டத்தில் நின்றபடியே கத்தினாள்: "அன்னிக்குப் புடுங்கினப்போ எங்கப்பாவை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்கல. அதுக்குத்தான் இப்ப நேர்ல வந்து கேக்கறோம்" என்றாள் தெசாங்கா.

மிலுங்கா வீட்டுக்குள் போனாள். மூன்று கிண்ணத்தில் ரக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றிவந்தாள். நல்ல விலைக்குச் சம்மதித்தாள்.

திரும்பும் வழியில் யஸ்னா கேட்டாள்: "கோப்பு வந்தப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லக்கா?"

"தெரியும்."

யஸ்னா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி" என்றாள். மேயரிடம் அவள் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் தொழிற்சாலை திறந்தது. மேடையில் யஸ்னா முதலில் சொன்ன பெயர் தெசாங்காவுடையது. கைதட்டல் எழுந்தது. தெசாங்காவும் எழுந்து நின்று சிரித்தாள். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் யஸ்னாவின் பெயரைச் சொல்லியிருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முன்பு பதவியைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து எரிந்தது.