வள்ளியம்மையின் இடுப்புக் கயிறு

யமுனைக் கரைச் சேற்றில் நின்ற வள்ளியம்மையின் இடுப்பில் அவள் கணவர் ஜோதிலிங்கம் இன்னொரு முடிச்சைப் போட்டார். துணி காயப்போடும் நைலான் கயிறு. ஜனக்புரி வீட்டு பால்கனியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தது. அதன் மறுமுனையை கயாக் படகின் முன்பக்கக் கைப்பிடியில் ஏற்கெனவே இறுக்கியாயிற்று. இடுப்பு முடிச்சை வயிற்றுப் பக்கம் போடாமல் முதுகுப் பக்கம் போட்டார். முன்னால் இருந்தால் கை பட்டு அவிழ்ந்துவிடுமாம்.

மனிதர் அப்படித்தான். ஊருக்குப் போகும் ஒவ்வொரு ரயிலிலும் சீட்டுக்கு அடியில் பெட்டிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். சென்னை சென்ட்ரலில் வண்டி நின்று, கூட்டமெல்லாம் இறங்கி, பெருக்குகிறவர்கள் ஏறின பிறகும் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இதுவரை ஒரு பெட்டியும் களவு போனதில்லை என்று பெருமை வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை காற்றில் அவள் கவிழ்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். படகு ஒருபக்கம் போக, அவள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தாள். துடுப்பு போடச் சொல்லிக்கொடுக்கும் பையன் அபினவ் போய் இழுத்துவந்தான். அவ்வளவுதான் நடந்தது. அதை யாரோ வீடியோ எடுத்து, அது மகள் தமிழ்செல்வியின் போனுக்கு வந்து, அவள் வழியாக அப்பாவின் போனுக்கும் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சில்லை.

"கட்டிக்கிட்டா போ வள்ளி. இல்லைன்னா இன்னையோட இதெல்லாம் போதும்."

"படகு போனா போகட்டுமே. நான் மிதப்பேன்ல."

"படகு போச்சுன்னா எதைப் பிடிச்சுக்குவே?"

அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அபினவிடமே கேட்டுவிட்டாள். ஏரியில், காற்று நாளில் கட்டிக்கொள்வதுண்டு என்று அவன் இந்தியில் சொன்னான். ஆனால் ஆறு ஓடுகிறது, ஆகாயத்தாமரை கிடக்கிறது, மீன்காரர்கள் நட்ட மூங்கில்கள் நிற்கின்றன. இங்கே கட்டினால் கயிறே எமன். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே இழுப்பில் கழன்று வரவேண்டும், ஆண்டிஜி. ஜோதிலிங்கத்துக்கு இத்தனையிலும் 'கட்டிக்கொள்வதுண்டு' என்பது மட்டும் காதில் விழுந்தது.

வள்ளியம்மைக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. லோதி ரோடு ஆபீசில் மேலதிகாரி சொன்ன பக்கம் ஃபைல் போகும். வீட்டில் இவர் சொன்ன பக்கம் சோபா நகரும். ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்று, இந்தக் குறுகலான பிளாஸ்டிக் படகில் உட்கார்ந்த பிறகுதான், இடது பக்கம் துடுப்பு போட்டால் வலது பக்கம் திரும்புகிற ஒரு பொருள் அவள் கைக்கு வந்தது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"சரி, கட்டியாச்சுல்ல. இப்ப பாருங்க," என்றாள்.

படகில் ஏறி, இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும், அவரைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்த்தாள்.

எழுந்து நின்று 'அவுருங்க பாப்போம்' என்று கேட்பதாகத்தான் திட்டம். எழ முடியவில்லை. படகு ஓட்டத்தோடு நகர்ந்தது. கயிறு ஒரு மூங்கிலைச் சுற்றிக்கொண்டு அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. காலூன்றும்போதெல்லாம் சாய்த்தது. வாயில் தண்ணீர் போனது. கை முதுகுக்குப் போயிற்று, முடிச்சு எட்டியது, ஈரத்தில் கல்லாக இறுகியிருந்தது. பயந்துபோனாள். இடுப்பளவு தண்ணீரில் சாகப்போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஜோதிலிங்கம் செருப்போடு, பேண்ட்டோடு இறங்கி ஓடிவந்தார். ஒரு கையால் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் தன் முடிச்சைப் பிராண்டினார். நகம் பிய்ந்தது. முடிச்சு வரவில்லை.

"பையா, ஜல்தி," என்று அபினவைச் சீக்கிரம் வரச் சொன்னார்.

அபினவ் கத்தியோடு வந்து கயிற்றை மூங்கிலருகே அறுத்தான். படகை எட்டிப் பிடித்து நிறுத்தினான். வள்ளியம்மை இருமி, துப்பி, நிமிர்ந்தாள். இடுப்பில் வளையம் அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போயிருவோம் வள்ளி. வா."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். ஜாக்கெட்டுக்குக் கீழே விரலை விட்டு, கயிற்றைத் தூக்கி, தானே அறுத்து அவர் கையில் வைத்தாள். நகத்தில் ரத்தம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இப்போது கரையேறினால் அப்புறம் எப்போதும் படகில் ஏறமுடியாது என்றும் தெரிந்தது.

"விரலை நல்ல தண்ணில கழுவிட்டு நில்லுங்க. அந்த மணல்திட்டு வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"கவிழ்ந்தா?"

"கவிழ்ந்தா மிதப்பேன்."

படகை அபினவ் பிடித்துக்கொள்ள, அவள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கம் துடுப்பு போட்டாள். படகு வலது பக்கம் திரும்பியது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஜோதிலிங்கம் இன்னும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. பக்கத்தில் அபினவ் கையை ஆட்டி ஆட்டி ஏதோ காட்டிக்கொண்டிருக்க, அவர் அறுந்த கயிற்றைத் தன் இடுப்பிலேயே சுற்றி, இந்தமுறை முன்பக்கமாக, ஒரு முடிச்சைப் போட்டார். நுனியைப் பிடித்து வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுத்தார். கழன்றதா இல்லையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அவர் மறுபடி குனிந்தார்.

அவள் துடுப்பை எடுத்து அடுத்த பக்கம் போட்டாள்.