இடக்கைக்காரரின் கிளாம்ப்

காலையில் குப்பை கொட்டப் போன ஹில்க்கா, வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பனிமேல் ரோஸ் நிறத்தில் ஒரு கறையைப் பார்த்தாள். காட்டுப்பழச் சாறு சிந்தினது போல இருந்தது. ஆனால் அது சாறு இல்லை என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்குள் சூட்டைக் கொண்டுபோகிற கூலன்ட் அது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பூட்ஸ் காலால் பனியைத் தள்ளிக் கறையை மூடினாள். பிறகு ஒன்றும் அறியாதவள் போல உள்ளே வந்து காபி போட்டாள்.

ஹில்க்காவும் அவள் புருஷன் தைஸ்டோவும் வீட்டை விற்றுவிட்டு, வடக்கே ஏரிக்கரை முகாமில் இந்த வீட்டு வண்டியிலேயே குளிர்காலத்தைக் கழிப்பவர்கள். ஹீட்டர் முன்பக்கம், படுக்கை பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே தரைக்கு அடியில் ரப்பர் ஹோஸ்கள் ஓடுகின்றன. வருஷா வருஷம் முதல் பனி விழுவதற்குள் தைஸ்டோ பாயை விரித்து அடியில் நுழைவார். ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்ப்பார், ஹோஸைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பை முடுக்குவார், பிய்ந்த உறைக்கு டேப் சுற்றுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார், மனுஷனுக்கு அப்படி ஒரு வீம்பு.

சில வருஷமாக அந்தக் கை நடுங்குகிறது. லாஹ்தி நகரத்தில் இருக்கும் மகள் பீயா மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்துக்கொண்டு, போன் பண்ணும்போதெல்லாம் நச்சரித்தாள். "அந்த டப்பாவுக்குள்ள ரெண்டு பேரும் விறைச்சுக் கெடக்கப் போறீங்க, பாத்துக்கிட்டே இருங்க." ஒருநாள் தைஸ்டோவுக்குப் பொறுக்கவில்லை. "என் கையால முடுக்குன கிளாம்ப் என்னைக்கு ஒழுகுதோ, அன்னைக்கே வண்டிய வித்துடறேன். சத்தியம். போதுமா?" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். சிகரெட்டை விடுகிறேன் என்று சொன்ன அன்றைக்குப் பாதிப் பாக்கெட்டை அடுப்பில் போட்டவர்.

இந்த ஒழுகல் அவர் கையால் வந்தது இல்லை என்பது ஹில்க்காவுக்கு மட்டும் தெரியும். நடுங்குகிற கை முடுக்கியதை நம்பிப் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் இலையுதிர் காலம் தோறும் ஒரு சனிக்கிழமை, அவர் சவுனாவுக்குப் போனதும் அவளும் வண்டிக்கு அடியில் நுழைவாள். முகாமில் நீராவிக் குளியல் பெண்களுக்கு முதலில், ஆண்களுக்குப் பிறகு. ஆண்கள் உள்ளே உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்குள் அவர் போட்ட கிளாம்ப்களை அவிழ்த்து, சரியாக வைத்து, மறுபடி முடுக்கிவிடுவாள். இந்த வருஷம் பயத்தில் பலம் கொண்டமட்டும் முடுக்கித் தொலைத்தாள். ரப்பர் அறுந்திருக்கும்.

சொல்லாவிட்டால் வண்டி போகும். சொன்னாலோ, தன் வேலையைப் பெண்டாட்டி திருட்டுத்தனமாகத் திருத்திக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அவர் முகம் அப்போது எப்படி ஆகும் என்று நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவது ஒன்றுதான் வழி. நல்ல வேளை, அன்றைக்குச் சனிக்கிழமை.

தைஸ்டோ கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். சாயங்காலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சவுனாவுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் ஹில்க்கா பம்பை நிறுத்தி, வால்வுகளை அடைத்தாள். காற்று நுழையாமலிருக்க வண்டியைச் சுற்றி அவர் கட்டியிருந்த பனிச்சுவரில் ஓட்டை போட்டு, பாயைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அறுந்த நுனியை வெட்டி எடுத்து, ஹோஸை இழுத்துச் செருகினாள். புதுக் கிளாம்பை மாட்டும்போது வெளியே பனி நெறிபடும் சத்தம் கேட்டது.

"ஹில்க்கா. அது உன் காலா, இல்ல எவனாவது திருடனா?"

டார்ச் வாயிலிருந்து விழுந்தது. "திருடன் ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டுக்கிட்டா வருவான்? நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?"

"உட்கார முடியல." தைஸ்டோ பனியிலேயே மண்டிபோட்டார். "காலைல கறையப் பாத்தேன். நீ பாத்துடக் கூடாதுன்னு பனியத் தள்ளி மூடிட்டேன்."

"அத நான்தானே மூடினேன்."

"அதுக்கு மேலயும் சொட்டியிருந்துச்சு." ஈரத் தலையில் பனி பிடிக்க ஆரம்பித்திருந்தது. "வெளிய வா. பீயாவுக்குப் போன் பண்ணிடலாம். சொன்னா சொன்னதுதான்."

அதைக் கேட்ட பிறகு ஹில்க்காவால் மறைக்க முடியவில்லை.

"இது உன் கை இல்ல தைஸ்டோ. நான் முடுக்கினது."

கிழவர் ஓட்டை வழியாகத் தவழ்ந்து உள்ளே நுழைந்தார். முக்கி முனகி அவள் பக்கத்தில் வந்து மல்லாந்து படுத்தார். டார்ச்சை எடுத்து, கழற்றிப் போட்ட கிளாம்பைப் பார்த்தார். பிறகு மற்ற கிளாம்ப்களைப் பார்த்தார். அவர் இடக்கைக்காரர். திருகாணித் தலை எப்போதும் இடப்பக்கம் பார்க்கத்தான் மாட்டுவார். இப்போது எல்லாமே வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மற்ற வருஷங்களில் அவர் மாட்டிய மாதிரியே மாட்டிவிடுகிற ஹில்க்கா, இந்த வருஷம் பயத்தில் அதை மறந்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"உன் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா தொட விட்டிருப்பியா?"

ஹில்க்கா அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஹோஸையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்ப ஒழுகினது நான் முடுக்குனது இல்ல," என்றார் மெதுவாக.

"இல்ல."

"நான் என் கைக்குத்தான் சத்தியம் பண்ணேன். உன் கைக்கு ஒண்ணும் பண்ணலியே."

ஹில்க்கா திரும்பிப் பார்த்தாள். கிழவர் சிரிக்கவில்லை, கணக்கு வாத்தியார் மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடித்ததும் திருப்புளியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இனிமே நீயே முடுக்கு. நான் வெளிச்சம் காட்டறேன்."

வெளிச்சம் கிடுகிடுவென்று ஆடியது. அவர் மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். ஹில்க்கா திருகத் தொடங்கினாள். ரப்பர் லேசாகப் பிதுங்கியது.

"போதும், நிறுத்து," என்றார் தைஸ்டோ.

அவள் நிறுத்தினாள்.