உப்பு லொறியா, கருவாட்டு லொறியா

பெரகல சந்தியில் இருந்த இத்ரூஸின் கடைக்கு வீரய்யா அந்த வாரம் மூன்றாவது தடவையாக வந்தான். எதையும் வாங்க வரவில்லை.

"இத்ரூஸ் நானா, எந்தக் கடல்ல அலை கொறச்சல்?"

இத்ரூஸுக்கு இரண்டு கடல்கள் தெரியும். அவருடைய லொறி ஒரு வாரம் உப்புக்கு அம்பாந்தோட்டை போகும். மறுவாரம் கருவாட்டுக்குப் பொத்துவில் போகும். சாமான் ஏற்றும் நேரத்துக்குள் கரையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம்.

"ஆகஸ்ட் மாசத்துல உப்பு லொறியில ஏறாத. அம்பாந்தோட்டைக் கடல் கரையில நிக்கிற ஆளையே அடிக்கும். பொத்துவில் பக்கம் அறுகங்குடாவுல தோணி ஏத்தி வைக்கிற மூலை ஒண்ணு ஈக்கு, குளம் மாதிரி. பொஞ்சாதிய அங்க கூட்டிப் போ."

"அங்க அலையே இருக்காதா?"

"அலையே இல்லாத கடல் வேணும்னா நுவரெலியா வாவிக்குப் போ."

வீரய்யா சிரிக்கவில்லை. குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. செப்டெம்பர் பதினெட்டாம் திகதி தலைமன்னாரில் கப்பல். அதைத் தவறவிட்டால் தொழிலாளர் பதிவான செக்ரோலில் பெயரை வெட்டிவிடுவார்கள், குடியிருக்கிற லயத்து அறையும் போய்விடும் என்று தேயிலைத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவன் மனைவி பெரியாயி வரமாட்டேன் என்றாள். மழைக்காலத்தில் மண் சரியும் சத்தம் கேட்டால், மகள் தனலெட்சுமியைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து முதலில் வெளியே பாய்கிறவள் அவள்தான். அட்டைக்கும் பாம்புக்கும் பயந்தவளல்ல. ஆனால் கொழுந்து பறிக்கும் மலையில் கூட வேலை செய்யும் ஜெயலெட்சுமி ஒரு கதை சொல்லியிருந்தாள்: இராமேஸ்வரத்துப் பக்கம் புயலில் கடல் பொங்கி, ஆட்களோடு ஒரு ரயிலையே இழுத்துக்கொண்டு போனதாம்.

"ரயிலையே இழுத்த தண்ணிக்குக் கப்பல் எம்மாத்திரம்?" என்றாள் பெரியாயி. "நீங்க போங்க. நானும் பாப்பாவும் இங்கயே கெடக்குறோம்."

இரண்டு நாள் அழுத பிறகு, "ஒருதரம் கடலக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

வீரய்யாவும் கடலைப் பார்த்ததில்லை. அவனுக்குப் பயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கோவா என்கிற முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லொறி விடியுமுன் புறப்பட்டது. இத்ரூஸே ஓட்டினார்; பக்கத்தில் வீரய்யாவும், மகளை மடியில் வைத்த பெரியாயியும். வெல்லவாய தாண்டிச் சமவெளி விரிந்ததும் பெரியாயி அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். மொனராகலைக்கு அப்பால் மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் மறைந்தன.

"இந்த ஊரு எதுல சாஞ்சு நிக்குது?" என்று கேட்டாள். இத்ரூஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தோணி மூலை இத்ரூஸ் சொன்னபடியே இருந்தது. கரையில் தோணிகள் வரிசையாகக் கிடந்தன. தண்ணீர் சத்தமில்லாமல் வந்து மணலை நனைத்துவிட்டுப் போயிற்று. பெரியாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தாள். உள்ளங்காலுக்கடியில் மணல் நழுவியதும் பின்வாங்கினாள். பிறகு இரண்டு காலையும் வைத்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்" என்றான் வீரய்யா.

பக்கத்தில் ஸலீம் என்ற மீன்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெரியாயி அவரைக் கேட்டாள். "கப்பல் இந்த வழியாத்தாண்ணே வரும்?"

"இதுக்குள்ள கப்பல் எங்க வாறது தங்கச்சி? இது தோணி ஏத்துற இடம். கடல் பாக்கிறதெண்டா அந்த முனைக்கு அங்கால போகணும்."

பெரியாயி கணவனைப் பார்த்தாள். பிறகு முனையை நோக்கி நடந்தாள்.

"நேரமாச்சு புள்ள. இத்ரூஸ் நானா காத்துக்கிட்டு இருப்பாரு."

"இருக்கட்டும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போனான். முனையை நெருங்குமுன்பே சத்தம் கேட்டது. மண் சரியும்போது மலைக்குள்ளிருந்து எழும் அதே உறுமல். அது ஒருமுறை உறுமி நின்றுவிடும்; இது நிற்கவில்லை. வளைவு திரும்பியதும் எதிரே தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. அலைகள் லயத்துக் கூரை உயரத்துக்கு எழும்பிப் பாறையில் உடைந்தன. பெரியாயி பாறையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து அடி பின்னால் வீரய்யாவும் பிள்ளையும் நின்றார்கள்.

அடுத்து வந்த அலை முந்தியவை நின்ற இடத்தில் நிற்கவில்லை.

வீரய்யாவுக்கு நினைவு தெளிந்தபோது அவன் பின்னாலிருந்த மணல்மேட்டின் மேலே நின்றிருந்தான். பிள்ளையைப் பிடித்திருந்த வலது கை வெறுமையாக இருந்தது. கீழே, இடுப்பளவு நுரையில், பெரியாயி ஒரு கையால் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தாள். மற்றக் கைக்குள் தனலெட்சுமி இருமிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவர்களைச் சுற்றி இழுத்துக்கொண்டு திரும்பியது. சேலை முந்தானை அதோடு நீண்டு போயிற்று. அவன் கீழே இறங்க நினைத்தான். கால்கள் இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் பெரியாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, அவனைக் கடந்து போனாள்.

லொறியில் கருவாட்டு மூட்டைகள் ஏறியிருந்தன. "என்ன, நனஞ்சு வாறீங்க? குளம் மாதிரித்தானே ஈந்திச்சி?" என்றார் இத்ரூஸ்.

"ஆமா நானா. குளந்தான்" என்றாள் பெரியாயி.

லொறி மொனராகலைப் பக்கம் திரும்பியது. பிள்ளை ஈரத் தலையோடு அவள் மடியில் தூங்கிப்போனாள். தூரத்தில் மலைகள் தெரிந்தபோது பெரியாயி அவற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பதினெட்டாந் திகதிதானே?"

"ம்."

"கப்பல்ல பாப்பா என்கிட்டதான் இருக்கும். நீங்க பெட்டியப் புடிச்சுக்கங்க."

வீரய்யா தலையசைத்தான். லொறிக் கதவின் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பெரகல வரும்வரை அவன் எடுக்கவில்லை.