தினை ஒட்டிய எழுத்துகள்

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் காபியும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. எட்டு நாள் தங்கினார்கள்.

அது எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றோடு ஆவணி முடிகிறது. புரட்டாசியில் பெண் பார்க்கும் வழக்கம் ராஜாம்பாள் வீட்டில் இல்லை. ஆகவே மகன் சிவசங்கரையும் தம்பி பிச்சைமுத்துவையும் கூட்டிக்கொண்டு திருநாவலூரில் முதல் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் மாறி, பதினோரு மணிக்கு கண்ணாயிரத்தின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கூடத்துச் சுவரில் 'நல்வரவு' என்று ஐந்து பெரிய எழுத்துகள் இருந்தன. காலண்டர் அட்டையை வெட்டி, மரவள்ளி மாவுப் பசை தடவி, வெள்ளிமலையிலிருந்து வந்த தினையை ஒவ்வொன்றாகப் பதித்து, ஓரத்துக்கு எள் வைத்துச் செய்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் தங்கத் தகடு மாதிரி இருக்கும். ராஜாம்பாள் கிட்டே போய்த் தடவிப் பார்த்தாள்.

"பொண்ணு செஞ்சதா?"

"ஆமாங்க" என்றாள் பெண்ணின் அம்மா பச்சையம்மாள்.

காபித் தட்டோடு வந்த அருள்மொழி நின்றுவிட்டாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று. டீசல் இஞ்சினைத் தனியாளாக ஓட்டுவாள். கோலம் போட்டால் கோணலாகப் போகும். அந்த எழுத்துகளைச் செய்தவர் அவள் அப்பா கண்ணாயிரம். மத்தியான வேளையில் ஒரு ஆண்பிள்ளை தரையில் உட்கார்ந்து தினை ஒட்டுவதை வெளியே சொல்லிக்கொள்ள பச்சையம்மாளுக்குக் கூச்சம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குத்தான் பொய் சிக்கலானது. மறியல்காரர்கள் ஒரு நாள் முந்திக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இரண்டு புளியமரங்களைச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். மேற்கே போனால் மலைதான்.

மறுநாள் காலை பிச்சைமுத்து, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மறியலில் உட்காரப் போனார். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். ராஜாம்பாளுக்கு அப்படிப் போக இடமில்லை. இரண்டு முறை கூடத்தைச் சுற்றி வந்தாள். பிறகு அருள்மொழியைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, சும்மாதான கெடக்கறோம். எங்க வூட்டுக்கும் ஒண்ணு செஞ்சி குடேன்."

"நல்வரவுங்களா?"

"ராஜாம்பாள் இல்லம்."

சிவசங்கர் விட்டத்தைப் பார்த்தான். பச்சையம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அருள்மொழி அப்பாவைப் பார்த்துப் பார்த்து முறையையெல்லாம் அறிந்திருந்தாள். செய்தித்தாளில் எழுத்தை வரைந்தாள், வெட்டினாள், அட்டையில் வைத்துக் கோடு இழுத்தாள். 'ரா' ஒருவிதமாக வந்தது. 'ஜா'வில் கை நின்றது. சுழித்து, வளைத்து, கீழே இறக்கி முடிப்பதற்குள் அது எழுத்தாக இல்லாமல் கட்டுப்பிரித்த வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. நான்கு ஜா வெட்டினாள். நான்கும் நான்கு மாதிரி.

கண்ணாயிரம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கூடத்தைக் கடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் ஜாவைப் பார்ப்பார், முகம் சுளிப்பார், போவார்.

"அண்ணனுக்கு சக்கர வியாதியா?" என்று ராஜாம்பாள் கேட்டாள். "இவ்ளோ தண்ணி குடிக்கறாரே."

"ஆமாங்க" என்றாள் பச்சையம்மாள். அது இரண்டாவது பொய்.

மூன்றாம் நாள், பசை சீக்கிரம் காயட்டும் என்று அருள்மொழி எழுத்துகளை வெயிலில் வைத்தாள். நிழலில் காயவைக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. அட்டை அப்பளம் போல வளைந்தது. 'ம்'மின் புள்ளியையும் 'பா'வின் பாதியையும் கோழிகள் தின்றுவிட்டன. ராஜாம்பாள் கோழியை விரட்டினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அருள்மொழிக்கு உறுத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் நாள் விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. பிச்சைமுத்து சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. பொழுது சாய்ந்து வந்தார், சட்டையெல்லாம் புழுதி. போலீஸ் வேனைக் கண்டு கரும்புத் தோட்டத்தில் படுத்துக் கிடந்தாராம். அவர் வரும்வரை ராஜாம்பாள் வாசலிலேயே நின்றாள். பச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அன்று யாரும் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாவும் ராஜாம்பாளும் கைபிடித்து நின்றதைப் பார்த்த பிறகு அருள்மொழியால் அடுத்த ஜாவை வெட்ட முடியவில்லை. மறுநாள் காலை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அத நான் செய்யலங்க. செவுத்துல இருக்கறது எங்க நைனா செஞ்சது. எனக்கு இது வராது."

பச்சையம்மாள் கூடத்துக்கு வந்தாள். திரும்பிப் போக நினைத்தாள், போகவில்லை.

ராஜாம்பாள் நான்கு ஜாக்களையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணா, நாலு நாளா இந்தக் கண்றாவியப் பாத்துக்கினு சும்மா இருந்தியா?"

"ரொம்பக் கஷ்டமா இருந்திச்சிம்மா" என்றார் கண்ணாயிரம். அவர் பேசியதில் அதுவே நீளமான வாக்கியம். அப்படியே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

பச்சையம்மாளிடம் ராஜாம்பாள் இரண்டு நாள் பேசவில்லை. "உப்பு" என்பாள், "தண்ணி" என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கோபமாக இருப்பது இருவருக்கும் சிரமமாகத்தான் இருந்தது. கடைசியில், அரிசி தீர்ந்து கேழ்வரகு இடிக்க வேண்டி வந்தது. உலக்கை போடும்போது பேசாமல் இருக்க முடியாது.

எட்டாம் நாள் அருள்மொழி இஞ்சின் கொட்டகையில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தாள். சிவசங்கர் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"அந்த எழுத்து நீங்க செஞ்சதில்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"எப்படி?"

"காபி குடுக்கும்போது நகத்துல கிரீஸ் இருந்திச்சி."

அருள்மொழி கையைத் துணியில் துடைத்தாள். "தெரிஞ்சிக்கினு ஏன் சொல்லல?"

"சொன்னா சம்பந்தம் அதோட முடிஞ்சிடும். அப்பறம் இங்க தங்கறதுக்கு என்னா மரியாத இருக்கும்? பஸ்ஸும் இல்ல." சற்று யோசித்துவிட்டு, "முடியக் கூடாதுன்னும் இருந்திச்சி" என்றான்.

அருள்மொழி சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை அவன் பார்த்ததில்லை. பெல்ட்டின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் அதைத் தப்பான பக்கம் பிடித்தான்.

மறுநாள் மரங்களை அறுத்து ஓரத்தில் தள்ளினார்கள். முதல் பஸ்ஸிலேயே மூவரும் கிளம்பினார்கள். ஒன்பது எழுத்துகளையும் பழைய வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனாள் ராஜாம்பாள். முடிவு எதுவும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்ததும் இன்லேண்ட் கடிதம் வந்தது. கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று ராஜாம்பாள் எழுதியிருந்தாள். பச்சையம்மாள் அப்போதே சீர் சாமான்களை யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணாயிரம் கடிதத்தை மடித்தார்.

"நீ இரு. அதுகிட்ட யாரும் இன்னம் கேக்கல." மகளைப் பார்த்தார். "உனக்கு இன்னாம்மா தோணுது?"

அப்படி ஒரு கேள்வி வருமென்று அருள்மொழி நினைத்திருக்கவில்லை.

"சரின்னு எழுதுங்க நைனா."

அவர் எழுதினார். பச்சையம்மாளே சங்கராபுரம் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாள்.