இரண்டாவது முழுக்கு

டோல்மனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனால் எங்கள் சபை வழக்கப்படி ஊழியத்துக்கு வந்தவனை 'மூப்பர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற வீட்டுப் பிள்ளை. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு அவன் எங்கள் ஏரிக்கரை ஊரான பொக்ராடெஸின் தெருவில் நடந்தால், பூங்காவில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் டோமினோக் காயைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"மூப்பரே, மீசை எப்ப வருதுன்னு தகவல் ஏதும் வந்துச்சா?"

"கிளம்பிடுச்சாம் மாமா. வழியில இருக்கு."

ஒரு வருஷத்தில் அவ்வளவு அல்பேனிய மொழி அவனுக்கு வந்திருந்தது.

நான் பெட்ராக். பக்கத்து நகரமான கோர்ச்சாவுக்கு வேன் ஓட்டுகிறேன். மோர்மன் சபையில் சேர்ந்து காபியை விட்டவன். அல்பேனியாவில் பிறந்தவன் கடவுளுக்காக இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் அவனுக்கு மாற்றல் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கொசோவோவுக்குப் போய்விட வேண்டும். அதற்குமுன் சனிக்கிழமை வாசிலிகாவின் ஞானமுழுக்கு. ஒரு வருஷம் யோசித்துவிட்டு அவள் சம்மதித்தது இரண்டு நிபந்தனைகளோடு: அந்தப் பையன் கையால்தான் நடக்க வேண்டும், சபைத் தொட்டியில் இல்லை, ஏரியில் நடக்க வேண்டும்.

ஏரி என்றதும் நான் இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வாசிலிகாவும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கரையோரத்தில் அவளுக்கு ஒரு பலகாரக் கடை. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து அவள் சுடுகிற பியுரெக் என்கிற அடுக்கு ரொட்டிக்கு ஊரே வரிசையில் நிற்கும். ஆனால் ஏரியைப் பார்த்த ஜன்னலை ஒரு பெரிய அலமாரியை வைத்து அடைத்திருந்தாள். ஏரி மீனைத் தொடமாட்டாள். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில், பனி மூடிய ஒரு விடிகாலையில், அவள் தம்பி பாந்தி எதிர்க்கரையிலிருந்த அடுத்த நாட்டுக்கு நீந்தித் தப்பப் போனான். அக்கரையிலிருந்து செய்தி வரவில்லை, இக்கரையில் உடலும் ஒதுங்கவில்லை. அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அன்றோடு அவள் கால் தண்ணீரில் படவில்லை.

ஏரியில் இறங்காத இன்னொருவன் டோல்மன். ஊழியத்தில் இருப்பவர்கள் நீந்தக் கூடாது என்று விதி. கோடை முழுக்க அவன் கரையோடு நடந்து, பசித்தவன் பேக்கரிக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊர்லயும் ஏரி இருக்கு மாமா. தினம் கனவுல நீந்தறேன். காலைல தலைமுடி காஞ்சு கெடக்கும். என்னவோ ஏமாத்தமா இருக்கும்."

அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு ஒரே நீண்ட மத்தியானம்போலத்தான் தோன்றுகிறது. ஊரெங்கும் குளிர்காலத்துக்காக மிளகாய் சுடுகிற புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து டோல்மனும் அவன் ஜோடி மூப்பர் வெயாவும் எங்கேயாவது வெளிப்படுவார்கள், எதையாவது தூக்கிக்கொண்டு. வெயா டோங்கா தீவுக்காரன், கதவளவு அகலம். ஒருவர் கண்ணைவிட்டு மற்றவர் மறையக் கூடாது என்பது இன்னொரு விதி. வெயாவின் விஷயத்தில் அது சுலபம். முதுகு பிடித்துக்கொண்ட வாத்தியாருக்கு விறகு பிளந்தார்கள். சந்தைக்காரிக்கு முட்டைக்கோஸ் மூட்டை இறக்கினார்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நீட்டிய ராக்கிச் சாராயத்தையும் காபியையும் மறுத்துவிட்டு, மலைமூலிகைத் தேநீர் குடித்து வயிறு ஊதித் திரிந்தார்கள். டோல்மனின் உதடு மட்டும் எந்நேரமும் அசைந்துகொண்டிருந்தது.

முழுக்கு ஜெபம் சிறியதுதான். ஆனால் ஒரு சொல் பிசகக் கூடாது. பிறகு ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போக வேண்டும். முடி, முழங்கை, கால் விரல், எது வெளியே தெரிந்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல இரண்டு சாட்சிகள். வெயா ஒருவன், நான் ஒருவன்.

வாத்தியார் வீட்டு விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் புல்லில் டோல்மன் ஒத்திகை பார்த்தான். வெயாவை மல்லாத்திச் சாய்க்கப்போய், அவனோடு சேர்ந்து தானும் விழுந்தான்.

"இவனத் தூக்கறதுக்கு என் வேனை இப்பவே வித்துட்டு கிரேன் வாங்கிடலாம்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. புல்லிலேயே படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"மாமா, வாசிலிகா அத்தை நேத்து கரை வரைக்கும் வந்தாங்க. தண்ணியப் பாத்தாங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. ஒரு தடவ எப்படியோ எறங்கிடுவாங்க. ரெண்டாந்தடவ எறங்கவே மாட்டாங்க. நான் மொதல் தடவையே சரியா முடிச்சாகணும்."

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடவில்லை. அதற்காக உபவாசம்.

சனிக்கிழமை காலையில் ஏரி இருந்த இடத்தில் பனிமூட்டம்தான் இருந்தது. அதற்குள் எங்கேயோ அன்னங்கள் சிறகடித்தன. வாசிலிகா வெள்ளை அங்கியில் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடா வண்டிக்காரா, வேனுக்கு ஆள் ஏத்தற மாதிரி பாக்கற?" என்றாள். பல் தந்தியடித்தது.

டோல்மன் முன்னால் இறங்கிக் கையை நீட்டினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டபோது அவன் கண்களை ஒருமுறை மூடித் திறந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், பிறகு அவன் அவளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அவள் முதல் அடி வைத்தாள். நின்றாள். அடுத்த அடி. வாய்க்குள் தம்பி பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள். இடுப்பளவு ஆழம் வந்ததும் டோல்மன் வலது கையை உயர்த்தி ஜெபத்தைச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. அவள் மூக்கைப் பொத்தி, கண்ணை இறுக மூடினாள். அவன் சாய்த்தான்.

அவள் உள்ளே போனாள். கூடவே, அன்னக்குஞ்சு தலை தூக்குவதுபோல, அவள் இடதுகால் கட்டைவிரல் மேலே வந்தது.

நான் பார்த்தேன். வெயாவும் பார்த்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் அன்னம் சிறகடித்த பக்கம் பார்த்தேன்.

அவள் எழுந்து இருமினாள். உடம்பெல்லாம் நடுங்கியது. டோல்மன் அவளைத் தாங்கியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தான். "சரியா இருந்துச்சா?" என்றான்.

ஒரு விரல். கடவுளுக்கு அந்த விரல் இல்லாமல் என்ன குறைந்துவிடும்? எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில்தான் ஆட்டுவோம். என் தலை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது.

"பொய் சொல்லாத பெட்ராக்," என்றாள் வாசிலிகா. "என் கால் வெரல்ல காத்து பட்டுச்சு."

டோல்மனின் முகம் தொங்கிவிட்டது. "அத்தை, வேணும்னா அப்புறமா..." என்று ஆரம்பித்தான்.

"எதுக்கு அப்புறம்? இவ்ளோ தூரம் வந்துட்டேன்ல. சொல்லு பையா, திரும்பச் சொல்லு."

அவன் திரும்பச் சொன்னான். இந்த முறை அவளே சாய்ந்தாள். எங்கள் ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி. நான் நின்ற கல்லிலிருந்து அவள் முழுசாகத் தெரிந்தாள்: முடி, முழங்கை, இரண்டு கட்டைவிரலும் உள்ளே. கண்கள் திறந்திருந்தன. டோல்மன் தூக்கினான்; அவள் வரவில்லை. பிடித்திருந்த அவன் கையையே கீழே இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இருந்தாள். நான் கல்லிலிருந்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன்.

பிறகு அவளாகவே எழுந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

"உள்ள வெளிச்சமா இருக்கு பெட்ராக்."

"என்னது?"

"தண்ணிக்குள்ள. அடியில கூழாங்கல்லுகூடத் தெரியுது. இத்தன வருஷமா அவன் இருட்டுக்குள்ள போனான்னே நெனச்சிட்டிருந்தேன்."

டோல்மன் தண்ணீரில் நின்றபடியே அழுதான். நானும் அழுதேன். மறைக்கத் தோன்றவில்லை.

வெயா கொண்டுவந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசிலிகா கரையேறினாள். இரண்டு பையன்களையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"துணி மாத்திட்டு ரெண்டு மூப்பரும் கடைக்கு வாங்க. ஜன்னலண்ட ஒரு அலமாரி இருக்கு, அத நகத்தணும்."