கனமான பஃபர்

பாய்ட் ஹட்டோ அந்தத் துப்பாக்கியைத் தன் கொட்டகையிலேயே பாகம் பாகமாகச் சேர்த்தான். கடைசியாக மிச்சமிருந்தது பஃபர். குண்டை ஏற்றி மூடும் போல்ட் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் பாய, அதைத் தாங்கி, ஸ்பிரிங்கோடு திரும்ப முன்னால் தள்ளும் எடைத்துண்டு. லேசானதைப் போட்டால் தோளில் உதைக்கும். கனமானதைப் போட்டால் மெத்தென்று சுடும். டிராக்டர் கவிழ்ந்து வலது தோளில் தகடு வைத்திருந்த பாய்ட், இருந்ததிலேயே கனமானதை எடுத்தான்.

தம்பி ராயல் சிரித்தான். "பேசாம தலகாணியக் கட்டிக்கிட்டுச் சுடுண்ணே."

எல்லாரும் செய்கிற சோதனையை பாய்டும் செய்தான். மேகஸினில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுட்டான். போல்ட் முழுசாகப் பின்னால் போய், திறந்தபடி நின்றது. போதும் என்று திருப்தியானான். ஆனால் அது வீரியமான ராணுவ ரகக் குண்டு. சனிக்கிழமை வேட்டைக்கு அவன் நிரப்பிக்கொண்டது, மருந்து குறைந்த மலிவுக் குண்டு. உதை இன்னும் குறையுமே என்று சந்தோஷம் வேறு.

டெக்சாஸ் வெயில் சாய்கிற நேரம். சோளக்காட்டை உழுதுபோட்டிருந்த பன்றிகளைக் கலைக்க ராயல் நாயோடு உள்ளே இறங்கினான். முதலில் நாய் வெளியே வந்தது, குடல் தரையில் இழுபட. அடுத்து ராயல் ஓடிவந்தான். பின்னாலேயே வந்த கிடாப்பன்றி அவனை வரப்பில் சாய்த்து, தொடையைக் கொம்புப்பல்லால் கிழித்தது.

பாய்ட் சுட்டான். விலாவில் பட்டது. கிடா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி விசையை இழுத்தான். டிக்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. குறைந்த மருந்துக்கு அந்தக் கனமான பஃபரைத் தள்ளத் தெம்பில்லை. போல்ட் பாதியிலேயே திரும்பி, அடுத்த குண்டை எடுக்காமல் மூடிக்கொண்டது.

கையால் போல்ட்டின் கைப்பிடியை இழுத்து விட்டான். சுட்டான். தோள் குலுங்கியது. மறுபடி இழுத்தான். ராயலின் அலறல் முனகலாக மாறியது. பல் வயிற்றைத் தேடி ஏறிக்கொண்டிருந்தது. இனி தூரத்திலிருந்து சுட்டால் தம்பிமேல் படும். பாய்ட் ஓடிப்போய்க் கிடாவின் முதுகில் முழங்காலை ஊன்றி, குழலைக் காதுக்குள் திணித்து அழுத்தினான். மூளையும் ரத்தமும் அவன் முகத்தில் தெறித்தன. உறுதிக்காக இன்னொரு முறை கைப்பிடியை இழுத்து, இன்னொன்றும் சுட்டான்.

பெல்ட்டைக் கழற்றித் தம்பியின் தொடையை இறுக்கினான். பீறிட்ட ரத்தம் மெல்ல மெல்லக் கசிவானது. ராயல் வெளுத்த உதடுகளை அசைத்தான்.

"தோளு வலிக்குதாண்ணே?"

பாய்ட் அவனைத் தூக்கினான், அந்தத் தோளிலேயே.